எடுத்துக் கொடுத்த வசனம்

பங்குனி 5, வியாழன்

விடியலில் நீராடித் திருநீறு அணிந்து இரண்டு பதிகங்கள் ஓதினேன். இடது முழங்கால் மட்டும் வழிபாட்டுக்கு உடன்படவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது.

நேற்று மாலை ஆற்றங்கரைக் கோயில் விழாவில் எங்கள் பட்டிமன்றம். கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற நாள் முதல் நடுவர் நாற்காலி எனக்குப் பழகிவிட்டது. நான் செய்யுள் சொன்னபோது தலைகள் அசைந்தன. குலோத்துங்கன் பேச எழுந்தபோது பந்தலே அசைந்தது. 'சிரிப்புச் செம்மல்' என்ற பட்டம் அவருக்குப் பொருத்தமே.

அவருடைய பெயர்பெற்ற வசனம் நேற்றும் பழுதின்றி நடந்தேறியது. முறை இதுதான். அவர் பேச்சின் உச்சியில் நின்று, "நடுவர் அவர்களே, ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சுப் படிச்சு, ரெண்டு பஸ் மாறி வந்திருக்கோம். நாங்க என்ன இங்க..." என்று நிறுத்துவார். நான் மணியின்மேல் கைவைத்தபடி, "அதானே, என்ன செய்ய வந்தீர்கள்?" என்று கேட்பேன். அவர் காதருகே கையைக் குவித்துக் கூட்டத்தின் பக்கம் திரும்புவார். கூட்டம் முழுவதும் ஒரே குரலில், "செரைக்கவா வந்தீங்க?" என்று முழங்கும். அதன்பின் சிரிப்பு அடங்கும்வரை எவரும் பேச இயலாது.

நான் கேட்கும் இடைவெளி சற்று முந்தினாலும் பிந்தினாலும் அந்தச் சிரிப்பு எழாது. இதைக் குலோத்துங்கனே பலமுறை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

தை மாதம் எங்கள் குழுவில் சேர்ந்த வடிவாம்பிகை நன்றாகப் பேசினாள். அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. தெளிந்த குரல். நிகழ்ச்சிக்குப் பின் அவள் உணவு கொள்ளவில்லை. தலைவலி என்றாள்.

பங்குனி 6, வெள்ளி

பூசை விளக்குகளைப் புளியிட்டுத் துலக்கினேன். நிகழ்ச்சிகளுக்குத் தேதி வாங்கித் தரும் ஏகாம்பரம் தொலைபேசியில் அழைத்தார். அடுத்த சனிக்கிழமை வெண்ணிக்கரைத் தேர்த் திருவிழாவில் எங்களுக்கு மேடை கிடைத்திருக்கிறதாம். 'மனிதனை உயர்த்துவது படிப்பா? உழைப்பா?' என்ற தலைப்பை விழாக்குழுவே கொடுத்துவிட்டது.

"நம்ம வடிவு மேடத்துக்கு அதுதாம்மா சொந்த ஊரு. 'ஊர்ப் பொண்ணு பேசுது'ன்னு போஸ்டர்லயே போட்டுடலாம். கூட்டம் அள்ளும்" என்றார்.

வழக்கப்படி குலோத்துங்கனை உழைப்பு அணிக்குத் தலைவராக்கினேன். உழைப்பைப் பேசினால் அவருக்குக் கைதட்டல் மிகும். வடிவைப் படிப்பு அணியில் சேர்த்தேன்.

பங்குனி 8, ஞாயிறு

வடிவு வீட்டுக்கு வந்தாள். மோர் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"அம்மா, வெண்ணிக்கரையில குலோத்துங்கன் அண்ணன் அந்த வசனத்தச் சொல்ல வேணாம்னு நீங்க சொல்லணும்."

"எந்த வசனம்?" என்று கேட்டேன். எது என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

"எங்கப்பா முடிதிருத்துறவரும்மா. மாசிலாமணின்னு சொன்னா அங்க எல்லாருக்கும் தெரியும். தேரடியிலதான் கடை. நான் மேடையில பேசறத அவரு இதுவரைக்கும் நேர்ல கேட்டதில்ல. ஒவ்வொரு தடவயும் வர்றேன்னுதான் சொல்லுவாரு. நாந்தான் தூரம், பஸ் கிடைக்காது, வெயிலுன்னு ஏதாவது சொல்லி நிறுத்திருவேன். இப்ப அவரு வீட்டு வாசல்லயே மேடை போடுறாங்க. முதல் வரிசையில உக்காருவாரு. நான் என்னன்னு சொல்லி நிறுத்துறது?"

அது வசவாகச் சொல்லப்படுவதன்று, வெறும் வழக்குச் சொல் என்று விளக்க முயன்றேன்.

"பள்ளிக்கூடத்துல எங்க வாத்தியாரும் அப்படித்தாம்மா சொல்லுவாரு. எவனாவது வீட்டுப்பாடம் செய்யலன்னா, 'என்னடா செரைச்சிக்கிட்டு இருந்த?'ம்பாரு. அவன யாரும் பாக்க மாட்டாங்க. வகுப்பே திரும்பி என்னத்தான் பாக்கும். அப்ப எனக்குப் பத்து வயசு. போன புதன்கிழமையும் மேடையில உக்காந்துக்கிட்டு அப்படித்தான் இருந்துச்சு. யாருமே திரும்பல. ஆனா எனக்குக் கழுத்தெல்லாம் கூசுச்சு."

குலோத்துங்கனிடம் பேசுவதாகச் சொன்னேன். எழுந்து வாசல்வரை போனவள் திரும்பி நின்று, "அவரு பாதிதாம்மா சொல்றாரு" என்றாள். பிறகு குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

மோர் அப்படியே இருந்தது.

பங்குனி 9, திங்கள்

குலோத்துங்கனிடம் தொலைபேசியில் பேசினேன். அவர் சொன்னவற்றைச் சுருக்காமல் எழுதிவைக்கிறேன்.

"அம்மா, இது என்னம்மா புதுசா இருக்கு? ஊர்ல எல்லாரும் பேசறதுதானே. எங்கப்பாவே என்ன அப்படித்தான் திட்டுவாரு. நான் யாரோட சாதியாவது பேரு சொன்னேனா? சொன்னா நீங்க கேளுங்க, மேடைய விட்டே எறங்கிடறேன். அது ஒரு பேச்சு வழக்கும்மா. அதப் போயி சீரியஸா எடுத்தா நாளைக்கு எதத்தான் பேசறது? ஜனங்க அந்த ஒத்த வசனத்துக்காக வர்றான். ரிங்டோனா வெச்சிருக்கான். அத எடுத்துட்டா என்கிட்ட என்ன இருக்கு?"

கடைசிக் கேள்வியைச் சற்று மெல்லிய குரலில்தான் கேட்டார்.

"வெண்ணிக்கரையில் மட்டுமாவது..." என்றேன்.

"அங்க அவங்க வீடு எத்தன இருக்கும்? பத்து இருக்குமா? பத்து வீட்டுக்காக ஊரே காத்திருக்கிற வசனத்த விடச் சொல்றீங்களா? அந்தப் பொண்ணுக்குச் சங்கடம்னா அன்னிக்கு ஒரு நாள் லீவு போடச் சொல்லுங்க. நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

மாலையில் ஏகாம்பரம் அழைத்தார். குலோத்துங்கன் அவரிடம் பேசிவிட்டார் போலும்.

"செம்மல் இல்லாம மேடை நிக்காதும்மா. வடிவு மேடத்துக்குப் பதிலா வேற ஆளு நான் பாக்குறேன். போஸ்டர் இன்னும் அடிக்கல. இந்த மாதிரி முணுமுணுப்பு இருந்தா பொறவு குழுவுலயே வெச்சுக்க முடியாது. வியாழக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

பங்குனி 10, செவ்வாய்

முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தேன். வெயில் கடுமை.

பங்குனி 11, புதன்

காலை வழிபாட்டில் வழக்கம்போல் அடியார்களின் பெயர்களைச் சொல்லி ஒவ்வொருவருக்கும் ஒரு பூ இட்டேன். அவர்களுள் குயவர் உண்டு. ஆடை வெளுத்தவர் உண்டு. வலை வீசியவர் உண்டு. யாழ் இசைத்து ஊர் ஊராகத் திரிந்தவர் உண்டு. இறைவன் இவர்களின் தொழிலைக் கேட்டு வீட்டுக்குள் வரவில்லை. இளமை முதல் இதை வகுப்பில் கற்பித்திருக்கிறேன்; கோயில்களில் சொற்பொழிவாற்றிப் பொன்னாடை பெற்றிருக்கிறேன்.

பூ ஒன்று கூடுதலாக வந்துவிட்டது. எவருக்கு இடுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

பால்காரர் இன்று வெகுநேரம் கழித்து வந்தார். காப்பி தள்ளிப்போன எரிச்சலில், "இவ்வளவு நேரம் என்ன செ..." என்று தொடங்கிவிட்டேன். சொல் பாதியில் நின்றது.

"என்னம்மா?" என்றார்.

"ஒன்றுமில்லை. நாளைக்கு அரை லிட்டர் கூடுதலாக ஊற்றுங்கள்."

அந்தச் சொல் மேடையில் பிறர் வாயில்தான் வரும், என் வாயில் வராதென்றே எண்ணியிருந்தேன். கூடுதல் பால் எதற்கு என்று இப்போது தெரியவில்லை. பாயசம் வைக்கலாம்.

பங்குனி 12, வியாழன்

ஏகாம்பரத்திடம் வடிவு பேசுவாள் என்று சொன்னேன். அவள் இல்லையேல் நடுவருக்கும் வேறு ஆள் பார்க்கட்டும் என்றேன். "சரிம்மா" என்றார்.

பேச்சாளர் வரிசையில் சிறிய மாற்றம் ஒன்றும் செய்தேன். எப்போதும் கூட்டத்தைக் கிளப்பிவிடக் குலோத்துங்கன்தான் முதலில் பேசுவார். இம்முறை அவரைக் கடைசியில் வைத்தேன். அவருக்குத் தொண்டை கட்டியிருப்பதாக எனக்குத் தோன்றியது. கடைசியில் பேசினால் குரலுக்கு ஓய்வு கிடைக்கும். தொண்டை கட்டியதாக அவர் சொல்லவில்லை. அவருக்கு முன்பாக வடிவு. இந்த ஏற்பாட்டில் வேறு நோக்கம் எதுவும் இல்லை.

குலோத்துங்கன் மகிழ்ந்தார். "முத்தாய்ப்பு நாந்தானா? அசத்திடறேன்மா" என்றார்.

வடிவிடம் தொலைபேசியில், அவர் அந்த வசனத்தை விட மறுத்துவிட்டதை மறைக்காமல் சொன்னேன். வரிசை மாறியதையும் சொன்னேன்.

"அவருக்கு முன்னாடி நானாம்மா?"

"ஆம்."

"எத்தன நிமிஷம்?"

"நடுவர் மணி அடிக்கும்வரை."

அவள் சிரித்தாள். தை மாதத்திலிருந்து அவள் சிரித்து நான் கேட்டதில்லை.

பங்குனி 14, சனி

பச்சைப் பட்டுப்புடவைக்கு இஸ்திரி போட்டேன். வண்டி பிற்பகலில் வருகிறது. நீர்மோர், வெந்நீர், மூட்டு மருந்து ஆகியவற்றை எடுத்துவைத்தாயிற்று. தீர்ப்புக்கு, 'படிப்பும் உழைப்பும் முகத்தின் இரு கண்கள்' என்ற கருத்தில் முடியும் வெண்பா ஒன்று கைவசம் இருக்கிறது. சொற்களை மாற்றினால் எல்லாத் தலைப்புக்கும் பொருந்துவது.

பங்குனி 15, ஞாயிறு காலை, வெண்ணிக்கரை விடுதியில்

தூக்கம் வரவில்லை என்பதால் விடியுமுன் எழுந்து எழுதுகிறேன்.

நிலைக்கு வந்து நின்ற தேரின் எதிரே மேடை. தெருவின் இரு கோடிவரை கூட்டம். முதல் வரிசையில் தர்மகர்த்தாவும் ஊர்ப் பெரியவர்களும் இருந்தனர். ஓரத்து நாற்காலியில் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் மெலிந்த முதியவர் ஒருவர், நாற்காலியின் நுனியில் அமர்ந்திருந்தார். மாசிலாமணி அவர்தான் என்று எவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வடிவின் நெற்றியும் புருவமும் அப்படியே அவரிடம் இருந்தன.

நால்வர் பேசி முடித்தனர். வடிவு எழுந்தாள். சொந்த ஊர் ஆரவாரித்தது.

"நடுவர் அம்மா அவர்களே, எதிரணித் தலைவர் குலோத்துங்கன் அண்ணன் இன்னும் பேசல. ஆனா என்ன பேசுவாருன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். அதோ கடலை வறுக்கிறாரே, அவருக்கும் தெரியும்."

சிரிப்பு. குலோத்துங்கனும் கை கூப்பிச் சிரித்தார்.

"சேத்துல இறங்குறவன் காலத் தொட்டுக் கும்பிடணும்பாரு. பானை வனையிறவன் கையக் கண்ணுல ஒத்திக்கணும்பாரு. கேட்டா எனக்கே அழுகை வரும். அப்பறமா ஒரு கேள்வி கேப்பாரு. ரெண்டு பஸ் மாறி வந்தோமே, நாங்க என்ன இங்க..."

காதருகே கையைக் குவித்தாள். கூட்டம் பழக்கப்படி முழங்கியது: "செரைக்கவா வந்தீங்க?"

சிரிப்பு அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"சத்தமா சொன்னீங்க. சந்தோஷம். அந்த வேலையச் செய்யறவரு எங்கப்பா. இதோ ஓரத்துல உக்காந்திருக்காரு."

இவ்வளவு பெரிய கூட்டம் இவ்வளவு விரைவாக ஓசையடங்கி நான் கண்டதில்லை. மாசிலாமணி நாற்காலியில் ஆடாமல் அசையாமல் இருந்தார்.

"இந்த ஊர்ல எங்கப்பா முன்னாடி தலையக் குனியாத ஆம்பள யாராவது இருந்தா எந்திரிங்க பாப்போம்."

எவரும் எழவில்லை. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"தர்மகர்த்தா ஐயா, நீங்க எந்திரிச்சிடாதீங்க. உங்களுக்குப் போன வாரம்தான் மை அடிச்சாரு."

தேரடி அதிர்ந்தது. தர்மகர்த்தாவே தலையைத் தடவிக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். வடிவு அந்தச் சிரிப்பை அடங்கவிடவில்லை. அதன் மீதேறிப் பேசினாள்.

"பள்ளிக்கூடத்துல எங்க வாத்தியாரு இதே வார்த்தையச் சொல்லுவாரு. வகுப்பே திரும்பி என்னப் பாக்கும். யாருகிட்டயும் சொல்ல முடியாது. எங்கப்பாகிட்ட மட்டும் எப்படிச் சொல்லுவேன்? அப்பத்தான் நெனச்சேன், அந்த வாத்தியாரு நிக்கிற எடத்துல ஒரு நாள் நான் நிக்கணும்னு. நின்னுட்டேன். இன்னிக்கு என் வகுப்புல எந்தப் பிள்ளையும் எந்தப் பிள்ளையையும் அப்படித் திரும்பிப் பாக்கிறதில்ல. நடுவர் அவர்களே, படிப்பு என்ன செஞ்சுதுன்னு கேட்டா, நான் இதத்தான் காட்டுவேன்."

கைதட்டல் பின்னாலிருந்து தொடங்கி முன்னால் வந்தது. அவள் குலோத்துங்கன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணன் உழைப்பு அணிக்குத் தலைவரு. ஊர்ல இருக்கிற உழைப்புல ஒண்ண எடுத்து வசவா வெச்சிருக்காரு. எல்லா வேலையும் உசத்தின்னு பேசிப்புட்டு, அதுல ஒரு வேலை கேவலம்னு சொல்லித்தான் கைதட்டு வாங்கறாரு. அவரு அணி ஜெயிச்சா அவரு வசனம் தோக்கணும். வசனம் ஜெயிச்சா அணி தோக்கணும். ரெண்டுல ஒண்ண அண்ணனே எடுத்துக்கட்டும்."

அமர்ந்தாள். மணியடிக்க நான் மறந்திருந்தேன்.

குலோத்துங்கன் எழுந்தார். திறமையானவர். தடுமாறினாலும் உழவரைப் பற்றியும் கொத்தனாரைப் பற்றியும் பேசி மெல்ல மெல்லக் கூட்டத்தைத் தம் பக்கம் இழுத்தார். ஆனால் ஆண்டுக்கணக்கில் ஒரே தடத்தில் ஓடிய நாக்கு அது. வேகம் ஏற ஏற அந்தப் பழைய மேட்டில் தானே ஏறிவிட்டது.

"ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சுப் படிச்சு, ரெண்டு பஸ் மாறி வந்திருக்கோம். நடுவர் அவர்களே, நாங்க என்ன இங்க..."

கை காதருகே போயிருந்தது. அப்போதுதான் தாம் நின்ற இடம் அவருக்கே தெரிந்தது. என் முகத்தைப் பார்த்தார். நான் கேட்க வேண்டிய இடம் அது.

எதிரே இருந்த தண்ணீரை எடுத்து மெதுவாகக் குடித்தேன்.

கூட்டம் வாய் திறக்கவில்லை. ஜெனரேட்டர் ஓசை மட்டும் கேட்டது. பின்னால் ஒருவன் விசிலடிக்க, "வாய மூடுடா" என்று ஒரு பெண் குரல் அவனை அடக்கியது. குவித்த கையை எங்கே வைப்பதென்று அறியாமல் குலோத்துங்கன் நின்றார்.

அப்போது மாசிலாமணி எழுந்தார். ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

"தம்பி, காலையில கடைக்கு வாங்க. ஒரு நாள் எங்க வேலையப் பாத்துட்டு, அப்பறம் என்ன வேணா பேசுங்க. பயப்படாம வாங்க."

சிரிப்பு எழுந்தது. நான் நடுவராக இருந்த மேடைகளில் அவ்வளவு நீண்ட சிரிப்பு கேட்டதில்லை. அதில் எவரையும் குத்தும் முள்ளும் இல்லை. குலோத்துங்கன் கையை இறக்கினார். தம் பெரிய மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"வரேங்கய்யா. இத மட்டும் விட்டுருங்க."

அவருக்கும் கைதட்டல் கிடைத்தது. புதிய நகைச்சுவை ஒன்றுக்கு அவர் கைதட்டல் வாங்கி எத்தனை காலமாயிற்றோ.

தீர்ப்புக்கு எழுந்தேன். இரு கண்கள் வெண்பாவைச் சொல்லவில்லை. "உழைப்பு அணி தன் தலைவரின் வசனத்தாலேயே தோற்றது. படிப்பு அணி வென்றது. அந்த வசனத்துக்கு எடுத்துக்கொடுக்கும் வேலையை நடுவர் இன்றோடு விட்டுவிட்டார்" என்றேன். என் தீர்ப்புகளில் இதுவே மிகச் சிறியது.

பெண்கள் மேடையேறி வடிவைச் சூழ்ந்துகொண்டார்கள். மாசிலாமணி கீழேயே நின்றார். மகள் இறங்கி அருகில் வந்ததும், "தலைமுடி கலைஞ்சிருக்கு பாரு" என்று சொல்லிக் காதோரம் ஒதுக்கிவிட்டார். வேறொன்றும் சொன்னதாகத் தெரியவில்லை. அவள் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

பங்குனி 15, மாலை, வீட்டில்

காலையில் வண்டி புறப்படும் நேரம் குலோத்துங்கனைக் காணவில்லை. தேரடிக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமையாதலால் கடை நிறைந்திருந்தது. நடு நாற்காலியில் கழுத்துவரை வெள்ளைத் துணி, முகமெல்லாம் நுரை, கண்மூடிச் சாய்ந்திருந்தார் சிரிப்புச் செம்மல். வாசலில் ஒரு கூட்டம். உள்ளே விசிப்பலகையில் வடிவு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு இடம்விட்டு நகர்ந்தாள். இத்தகைய கடைக்குள் நான் கால் வைத்தது இதுவே முதல் முறை. படிக்காரமும் பன்னீரும் கலந்த மணம்.

குலோத்துங்கன் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"பேசப்படாது தம்பி. கத்தி வெச்சிருக்கேன்" என்றார் மாசிலாமணி. பிறகு அவரே பேசினார். தம் தொழில், தம் தகப்பனார், ஊரில் தாம் முதல் முடி இறக்கிய குழந்தைகள், மகளின் பள்ளி மதிப்பெண்கள் என்று பேச்சு நீண்டது. மேடையில் எவர் பேசினாலும் இடைமறிக்கும் குலோத்துங்கன் ஒரு சொல்லும் குறுக்கிடாமல் கேட்டார். கேட்கக் கேட்க அவர் மூடிய கண்கள் திறந்து கண்ணாடியில் நிலைத்தன.

ஏகாம்பரம் வாசலிலிருந்து தொலைபேசியை ஆட்டினார்.

"அம்மா, ராத்திரிலேர்ந்து போன் நிக்கல. அடுத்த வாரம் பேசிவெச்ச ஊர்க்காரங்க வடிவு மேடத்தையே அணித்தலைவராப் போடணுமாம். தலைப்பு இதேதான். போட்டுரட்டுமா?"

நான் வடிவைப் பார்த்தேன். அவள் செய்தித்தாளை மடித்தாள்.

"போடுங்க. ஆனா எனக்கு உழைப்பு அணி வேணும்."

நுரைக்குள்ளிருந்து, "அப்ப நானு?" என்று ஒரு குரல் வந்தது.

"அண்ணனுக்குப் படிப்பு அணியக் குடுங்கம்மா. இன்னிக்குத்தான் ஆரம்பிச்சிருக்காரு."

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். மாசிலாமணியும் சிரித்துவிட்டார். கத்தியை எடுத்துத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். நாற்காலியில் இருந்தவர் ஆடாமல் கட்டைவிரலை மட்டும் துணிக்கு வெளியே நீட்டி உயர்த்தினார்.

அவள் கேட்டபடியே அணிகளை ஒதுக்கினேன்.